கெட் என்ற வினைச்சொல்: அடுத்து நிற்கும் சொல்லைப் பாருங்கள்

ஆங்கிலம் பேசப் பழகுகிறவர்கள் 'கெட்' என்ற வினைச்சொல்லுக்கு முதலில் மனப்பாடம் செய்யும் பொருள் 'பெறு' அல்லது 'கிடை'. அந்த ஒரு பொருளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஆங்கிலப் பேச்சைக் கேட்டால் சீக்கிரமே இடிக்கும். 'இட்ஸ் கெட்டிங் டார்க்' என்பதில் யாருக்கும் எதுவும் கிடைக்கவில்லை, இருட்டிக்கொண்டு வருகிறது. 'வி காட் ஹோம் அட் டென்' என்றால் பத்து மணிக்கு வீடு வந்து சேர்ந்தோம். 'ஹி காட் ஃபயர்ட்' என்றால் அவனை வேலையை விட்டுத் தூக்கிவிட்டார்கள். 'ஐ காட் ஹிம் டு சைன்' என்றால் பேசிச் சம்மதிக்க வைத்துக் கையெழுத்துப் போட வைத்தேன்.

இத்தனை பொருள்களையும் பட்டியல் போட்டு உருப்போடுவது வீண் வேலை. பெரிய அகராதிகளில் இந்த ஒரு சொல்லுக்கான பதிவு பத்தி பத்தியாக நீளும், அதை யாராலும் நினைவில் வைத்துக்கொண்டு பேச முடியாது. தேவையும் இல்லை. இந்த வினைச்சொல்லின் பொருளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அதற்கு அடுத்து நிற்கும் சொல்தான். பெயர்ச்சொல் நின்றால் ஒரு பொருள், பெயரடை நின்றால் வேறு பொருள், இடம் நின்றால் மற்றொன்று, வினையின் மூன்றாம் வடிவம் நின்றால் இன்னொன்று. அந்த இடத்தைப் பார்க்கப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

படிக்கும் முன் உச்சரிப்பு பற்றி ஒரு வார்த்தை. தமிழ் எழுத்தில் 'கெட்', 'காட்' என்று எழுதினாலும் முதல் எழுத்தை 'காந்தி'யில் வரும் க போலத் தொண்டையிலிருந்து அழுத்தி ஒலிக்க வேண்டும். 'கல்'லில் வரும் க போல ஒலித்தால் 'காட்' என்பது கட்டிலைக் குறிக்கும் வேறு சொல்லாகிவிடும். அமெரிக்கர்கள் 'கெட் இட்' என்பதைச் சேர்த்து 'கெடிட்' என்பதுபோலச் சொல்வார்கள். படங்களில் அது காதில் விழாமல் போவதற்கு அந்த மெலிந்த ட-தான் காரணம்.

பெயர்ச்சொல் வந்தால்

இதுதான் எல்லோருக்கும் தெரிந்த 'கிடை'. ஆனால் தமிழர்கள் அதிகம் தடுக்கி விழுவதும் இங்கேதான். காரணம் நம் இலக்கணத்தில் இருக்கிறது. 'எனக்கு வேலை கிடைத்தது' என்ற வாக்கியத்தில் எழுவாய் 'வேலை'. 'நான்' நான்காம் வேற்றுமை ஏற்று 'எனக்கு' என்று ஓரமாக நிற்கிறது. ஆங்கிலத்தில் அப்படி நிற்க இடமில்லை, ஆள் முன்னால் வந்து எழுவாயாக வேண்டும்: 'ஐ காட் எ ஜாப்'. இந்த இடமாற்றம் நடக்காதபோதுதான் 'ஜாப் காட் ஃபார் மீ', 'டிக்கெட் நாட் காட்', 'சேலரி ஈஸ் நாட் காட்' போன்ற வாக்கியங்கள் பிறக்கின்றன. டிக்கெட் எதையும் பெறுவதில்லை, பெறுகிறவர் நாம். ஆகவே 'ஐ டிடின்ட் கெட் எ டிக்கெட்', 'ஐ ஹேவின்ட் காட் மை சேலரி எட்'.

இதை ஒரு பயிற்சியாகவே செய்யலாம். தமிழில் 'எனக்கு', 'அவளுக்கு', 'எங்களுக்கு' என்று தொடங்கும் வாக்கியங்களைக் கவனியுங்கள். எனக்குக் காய்ச்சல் வந்தது, அவளுக்குக் கோபம் வந்தது, எங்களுக்கு நேரம் கிடைக்கவில்லை, எனக்குப் பசிக்க ஆரம்பித்துவிட்டது, அவனுக்கு அந்த நகைச்சுவை புரியவில்லை. இவை அத்தனையும் ஆங்கிலத்தில் கெட் வாக்கியங்களாக மாறும்: 'ஐ காட் எ ஃபீவர்', 'ஷி காட் ஆங்ரி', 'வி டிடின்ட் கெட் டைம்', 'ஐ'ம் கெட்டிங் ஹங்ரி', 'ஹி டிடின்ட் கெட் த ஜோக்'. கு உருபோடு நிற்கும் ஆளை முன்னுக்குக் கொண்டுவந்து அடுத்து கெட் போடுவது எல்லா இடத்திலும் சரியாக வராது. 'எனக்குப் பிடிக்கும்', 'எனக்குத் தெரியும்' போன்ற நிலைகளுக்கு வேறு வினைகள் உண்டு. ஆனால் 'வந்தது', 'கிடைத்தது' என்று ஏதோ ஒன்று புதிதாக நிகழ்ந்த வாக்கியங்களில் பெரும்பாலும் கைகொடுக்கும்.

நோய்ப் பெயர்களில் ஒரு நுணுக்கம். சளி, காய்ச்சல், தலைவலி போன்றவற்றுக்கு முன் 'எ' வரும்: 'எ கோல்ட்', 'எ ஃபீவர்', 'எ ஹெடேக்'. 'ஃப்ளூ'வுக்கு 'த' வரும். மலேரியா, டெங்கு, டைஃபாய்டு ஆகியவற்றுக்கு எதுவும் வராது: 'ஹி காட் டெங்கு'.

வாங்குவதும் இதே அமைப்புதான். 'ஐ காட் எ ஷர்ட்' என்பதை மட்டும் வைத்து அதை வாங்கினாரா, யாராவது கொடுத்தார்களா என்று சொல்ல முடியாது. தமிழ் 'வாங்கு'விலும் இதே மயக்கம் உண்டு. கடையிலும் வாங்குகிறோம், அப்பாவிடமும் வாங்குகிறோம். விலை கொடுத்தது என்று அழுத்திச் சொல்ல வேண்டுமானால் 'பாட்' என்று போட்டுவிடுங்கள். இரண்டு செயப்படுபொருள் வந்தால் 'போய் எடுத்துக்கொண்டு வா' என்ற பொருள்: 'கெட் மீ எ கிளாஸ் ஆவ் வாட்டர்'. ஆள் முதலில், பொருள் அடுத்து. பொருளை முதலில் சொன்னால் ஆளுக்கு முன் 'ஃபார்' வேண்டும்: 'கெட் எ கிளாஸ் ஆவ் வாட்டர் ஃபார் மீ'. 'டு மீ' வராது. பிறருக்காகச் செய்வதால் 'ஃபார்'.

'ஐ வில் கெட் இட்' என்ற நான்கு சொற்களைக் கொஞ்சம் கிட்டே வைத்துப் பாருங்கள். அழைப்புமணி அடிக்கும்போது ஒருவர் இப்படிச் சொன்னால், 'நான் போய்த் திறக்கிறேன்'. தொலைபேசி அடிக்கும்போது சொன்னால், 'நான் எடுக்கிறேன்'. உணவகத்தில் பில் வந்ததும் சொன்னால், 'நான் கொடுத்துவிடுகிறேன்'. மாடியில் கண்ணாடியை மறந்து வைத்துவிட்டு வந்த பாட்டியிடம் பேரன் சொன்னால், 'நான் போய் எடுத்துட்டு வர்றேன்'. அடுத்து நிற்கும் 'இட்' எதைச் சுட்டுகிறதோ, அதைப் பொறுத்து கெட் திறக்கிறது, எடுக்கிறது, கொடுக்கிறது, கொண்டுவருகிறது. கதவைத் திறக்கப் போகிறவர் 'ஐ வில் ஓபன் த டோர்' என்றாலும் இலக்கணம் சரிதான். ஆனால் மணி அடிக்கிற அந்த நொடியில் ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர் வாயில் வருவது 'ஐ'ல் கெட் இட்'.

இப்போது 'கெட்டிங்' பற்றி. நம்மூர் ஆங்கிலத்தில் 'ஐ'ம் நாட் கெட்டிங் யூ' என்று சொல்வது பரவலான வழக்கம். நமக்குள் பேசும்போது யாருக்கும் குழப்பமில்லை. பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ 'ஐ டோன்ட் கெட் இட்' அல்லது 'ஐ டிடின்ட் கெட் தட்' என்பார்கள். புரிவது என்ற பொருளில் கெட் வரும்போது வழக்கமாகத் தொடர்நிகழ்காலம் ஏற்காது. சம்பளம் போல நிலையாக மாதாமாதம் வருவதற்கும் 'ஐ கெட் ஃபார்ட்டி தவுசண்ட் எ மந்த்' போதும், 'ஐ'ம் கெட்டிங்' வேண்டாம். ஆனால் 'ஐ'ம் நாட் கெட்டிங் எ சிக்னல் ஹியர்' முழுக்கச் சரி. ஏனென்றால் அது இந்த இடத்தில், இந்த நேரத்தில் மட்டும் உள்ள நிலை.

பெயரடை வந்தால்

கெட்டுக்குப் பின் பெயரடை நின்றால் பொருள் 'ஆகு'. டயர்ட், வெட், ஓல்ட், ரெடி, பெட்டர், வொர்ஸ், லேட், ஆங்ரி என்று எதை வைத்தாலும் ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாறுவதைச் சொல்கிறோம். 'ஐ வாஸ் ஆங்ரி' என்றால் கோபமாக இருந்தேன். 'ஐ காட் ஆங்ரி' என்றால் கோபம் வந்துவிட்டது. இருப்பது ஒன்று, ஆவது வேறொன்று. கல்யாண விஷயத்தில் இது நன்றாகத் தெரியும். 'தே காட் மேரீட் இன் 2015' என்பது நடந்த நிகழ்ச்சி. எத்தனை வருடமாக என்று சொல்ல வேண்டுமானால் 'தே ஹேவ் பீன் மேரீட் ஃபார் டென் இயர்ஸ்'. 'தே ஹேவ் காட் மேரீட் ஃபார் டென் இயர்ஸ்' என்றால் பத்து வருடமாகத் தாலி கட்டிக்கொண்டே இருப்பதாக ஆகும். இன்னொன்று: யாரோடு என்பதற்கு 'டு' வரும், 'வித்' வராது. 'ஷி காட் மேரீட் டு எ டீச்சர்'. நம் மொழியில் ஒருவரோடுதான் கல்யாணம் ஆகிறது என்பதால் 'வித்' தானாக நாக்கில் வந்து உட்காரும், கவனம்.

பெயரடைக்குத்தான் இந்த 'ஆகு'. பெயர்ச்சொல்லுக்குக் கிடையாது. 'நான் டாக்டர் ஆகணும்' என்பதை 'ஐ வான்ட் டு கெட் எ டாக்டர்' என்று சொன்னால், கேட்பவர் பதறிப்போய் யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பார். அதற்குப் பொருள் 'டாக்டரைக் கூட்டிவர வேண்டும்'. பெயர்ச்சொல்லுக்கு 'பிகம்' போடுங்கள்.

'போர் அடிக்குது' என்பதை ஆங்கிலத்தில் சொல்லும்போது நேரும் பிழை மிகப் பரவலானது. 'ஐ'ம் கெட்டிங் போரிங்' என்றால் நான் பேசுவதைக் கேட்கிறவர்களுக்கெல்லாம் அலுப்புத் தட்டுகிற ஆளாக மாறிவருகிறேன் என்று பொருள். சலிப்பு நமக்கு வருகிறது என்றால் 'போர்ட்'. படம் 'போரிங்', பார்க்கிற நான் 'போர்ட்'. இன்ட்ரஸ்டிங்–இன்ட்ரஸ்டட், கன்ஃப்யூசிங்–கன்ஃப்யூஸ்ட், டயரிங்–டயர்ட் எல்லாம் இப்படித்தான். அதேபோல 'ஐ காட் டென்ஷன்' என்பதும் 'ஐ காட் டென்ஸ்ட்' என்பதும் இங்கே எல்லோருக்கும் புரியும். வெளியாட்களிடம் பேசும்போது 'ஐ காட் ஸ்ட்ரெஸ்ட்' அல்லது 'ஐ காட் நெர்வஸ்' என்பதே இயல்பு.

எல்லாப் பெயரடையும் கெட்டோடு சேராது. பால் கெட்டுப்போனால் 'கோ': 'த மில்க் வென்ட் பேட்'. தலை வழுக்கையாவது, பார்வை போவது, பித்துப் பிடிப்பது போன்று திரும்பி வர இயலாத, விரும்பத்தகாத மாற்றங்கள் பலவற்றுக்கு 'கோ' வரும்: 'கோ பால்ட்', 'கோ பிளைண்ட்', 'கோ மேட்'. நிறம் மாறுவதற்கு 'கோ' அல்லது 'டர்ன்'. மற்ற அன்றாட மாற்றங்களுக்குப் பேச்சில் கெட்தான்.

'யூஸ்ட் டு' பற்றி இங்கேயே சொல்லிவிடலாம். 'ஐ யூஸ்ட் டு வேக் அப் அட் ஃபைவ்' என்றால் முன்பெல்லாம் ஐந்து மணிக்கு விழிப்பேன், இப்போது இல்லை. 'ஐ காட் யூஸ்ட் டு வேக்கிங் அப் அட் ஃபைவ்' என்றால் அது பழகிவிட்டது. கெட் வந்துவிட்டால் 'டு'வுக்குப் பின் 'இங்' வடிவம் கட்டாயம்.

இடம் வந்தால்

இடத்தைக் குறிக்கும் சொல் நின்றால் கெட் 'போய்ச் சேர்' ஆகிறது. 'வி காட் டு மதுரை அட் சிக்ஸ்'. ஊருக்கு முன் 'டு' உண்டு. ஆனால் ஹோம், ஹியர், தேர் ஆகிய மூன்றுக்கும் முன் 'டு' வரவே வராது. 'ஐ காட் டு ஹோம்' தவறு, 'ஐ காட் ஹோம்' சரி. 'மை ஹவுஸ்' என்று சொன்னால் மட்டும் 'டு' திரும்பி வரும்.

வண்டியில் ஏறுவதும் இறங்குவதும் இந்த அமைப்புக்குள்தான் வருகிறது. பேருந்து, ரயில், விமானம், கப்பல் என்றால் 'கெட் ஆன்', 'கெட் ஆஃப்'. கார், டாக்ஸி, ஆட்டோ என்றால் 'கெட் இன்', 'கெட் அவுட் ஆவ்'. எது எதற்கு என்று நினைவில் வைக்க எளிய சோதனை ஒன்று உண்டு. உள்ளே ஏறியதும் எழுந்து நின்று நாலடி நடக்க முடியுமா? முடியும் என்றால் 'ஆன்'. குனிந்து உள்ளே நுழைந்து உட்கார மட்டும்தான் இடம் என்றால் 'இன்'. சைக்கிள், மோட்டார் பைக், குதிரை ஆகியவற்றின் மேலே உட்காருவதால் அவையும் 'ஆன்'.

'ஐ'ல் கெட் டவுன் அட் கிண்டி' என்று நாம் சொல்வது இந்திய ஆங்கிலத்தில் வேரூன்றிய வழக்கு. நடத்துனரிலிருந்து மேலாளர் வரை சொல்கிறார்கள். அதைத் திருத்திக்கொண்டே தீர வேண்டும் என்று சொல்ல மாட்டேன், இங்கே அது வேலை செய்கிறது. லண்டன் பேருந்தில் மட்டும் 'ஐ'ல் கெட் ஆஃப் அட் த நெக்ஸ்ட் ஸ்டாப்' என்று சொல்லுங்கள். அங்கே 'கெட் டவுன்' என்பது மரத்திலிருந்தோ ஏணியிலிருந்தோ இறங்குவது. 'கெட் டவுன்!' என்று உரக்கக் கத்தினால் 'குனி, தலையைத் தாழ்த்து' என்று பொருள்.

மூன்றாம் வடிவம் வந்தால்

காட், ஷாட், புரோக்கன், ஸ்டோலன் என்று வினையின் மூன்றாம் வடிவங்களைப் பள்ளியில் உருப்போட்டிருப்போம். கெட்டுக்குப் பின் அது நின்றால் செயப்பாட்டு வினை: 'ஹி காட் காட்' (பிடிபட்டான்), 'ஷி காட் புரமோட்டட்' (பதவி உயர்வு கிடைத்தது), 'மை ஃபோன் காட் ஸ்டோலன்' (போன் திருடு போய்விட்டது). முதல் எடுத்துக்காட்டைத் தமிழ் எழுத்தில் பார்த்தால் ஒரே சொல் இரண்டு தடவை வந்ததுபோல இருக்கும். முன்னது கெட்டின் 'காட்', 'காந்தி'யில் வரும் க. பின்னது 'கேட்ச்' என்ற வினையின் மூன்றாம் வடிவம், 'கல்'லில் வரும் க, உயிரும் சற்று நீளும்.

பள்ளிக்கூட இலக்கணத்தில் செயப்பாட்டு வினை என்றால் 'வாஸ்', 'வேர்' மட்டும்தான் சொல்லித் தருவார்கள். அதனால் பேசும்போது இரண்டையும் சேர்த்து 'ஐ வாஸ் காட் செலக்டட்' என்று வந்துவிடும். ஒன்று போதும். 'ஐ வாஸ் செலக்டட்' அல்லது 'ஐ காட் செலக்டட்'. கேள்வியும் எதிர்மறையும் 'டிட்' கொண்டு அமையும்: 'டிட் யூ கெட் செலக்டட்?', 'ஐ டிடின்ட் கெட் செலக்டட்'. 'டிட்' வந்த இடத்தில் 'காட்' வராது, 'கெட்' ஆகிவிடும். 'டிட் யூ காட்' என்பது இங்கே தினமும் கேட்கும் பிழை.

'வாஸ்' போடுவதற்கும் 'காட்' போடுவதற்கும் என்ன வேறுபாடு? 'த விண்டோ வாஸ் புரோக்கன்' என்ற வாக்கியத்துக்கு இரண்டு பொருள் உண்டு. நான் போனபோது ஜன்னல் உடைந்திருந்தது என்றும் கொள்ளலாம், யாரோ உடைத்தார்கள் என்றும் கொள்ளலாம். 'த விண்டோ காட் புரோக்கன்' என்றால் ஒரே பொருள்தான்: உடைந்துபோனது. தமிழில் இந்த வேலையைச் செய்வது 'போ', 'கொள்', 'படு' என்ற துணைவினைகள். தொலைந்துபோச்சு, நனைஞ்சுபோயிட்டேன், மாட்டிக்கிட்டான், அடிபட்டுடுச்சு. இவற்றை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள்: காட் லாஸ்ட், காட் வெட், காட் காட், காட் ஹர்ட். நம் பேச்சில் 'போச்சு' வரும் இடங்களில் பலவற்றில் 'காட்' அப்படியே பொருந்தும். பிறகு இதை யோசித்துப் போட வேண்டியிருக்காது.

இதற்கும் எல்லை உண்டு. ஏதாவது நிகழ்ந்தால்தான் கெட். நோ, லைக், பிலீவ் போன்ற மனநிலை வினைகளோடு 'ஹி காட் லைக்ட் பை எவ்ரிஒன்' என்றெல்லாம் சொல்வது ஒட்டாது. அங்கே 'வாஸ்' போடுங்கள். எழுத்திலும், குறிப்பாகச் செய்தி, அறிக்கை, ஆய்வுக் கட்டுரைகளில், 'வாஸ்' தான் முறை.

அடுத்தவரைச் செய்ய வைப்பது

தன்வினை, பிறவினை என்று படித்தது நினைவிருக்கும். செய்தான் – செய்வித்தான். ஆங்கிலத்தில் பிறவினைக்கு மூன்று வழிகள்: மேக், ஹேவ், கெட். மூன்றுக்கும் பொருளிலும் அமைப்பிலும் வேறுபாடு உண்டு. கட்டாயப்படுத்தினால் 'மேக்': 'ஐ மேட் ஹிம் ஸ்டே'. வேலையாக ஒப்படைத்தால் 'ஹேவ்': 'ஐ ஹேட் ஹிம் செக் த அக்கவுண்ட்ஸ்'. கெஞ்சியோ, நயமாகப் பேசியோ, ஆசைகாட்டியோ இணங்க வைத்தால் 'கெட்': 'ஐ காட் ஹிம் டு ஸ்டே'. இந்தக் கடைசியில் மட்டும்தான் 'டு' வருகிறது. 'ஐ மேட் ஹிம் டு ஸ்டே', 'ஐ காட் ஹிம் ஸ்டே' இரண்டும் தவறு. தமிழில் மூன்றும் 'இருக்க வைத்தேன்'தான் என்பதால் நமக்கு வேறுபாடு மறைந்துவிடுகிறது. குழந்தையைச் சாப்பிட வைத்த அம்மா 'ஐ காட் ஹர் டு ஈட்' என்றால் கதை சொல்லி ஊட்டியிருக்கிறார். 'ஐ மேட் ஹர் ஈட்' என்றால் மிரட்டியிருக்கக்கூடும்.

ஆளைச் சொல்லாமல் வேலையை மட்டும் சொல்வதும் உண்டு. அப்போது வரிசை இது: கெட், பொருள், மூன்றாம் வடிவம். 'ஐ காட் மை ஹேர் கட்' (முடி வெட்டிக்கொண்டேன்), 'ஐ நீட் டு கெட் த பைக் சர்வீஸ்ட்' (வண்டியை சர்வீஸ் விடணும்), 'கெட் யுவர் பிளட் டெஸ்டட்' (ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்). தமிழில் 'முடி வெட்டினேன்' என்று சொன்னால் சலூனுக்குப் போய் வந்ததாகத்தான் எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் 'ஐ கட் மை ஹேர்' என்றால் கண்ணாடி முன் நின்று தானே வெட்டிக்கொண்டதாக முதலில் தோன்றும். வரிசை மாறி 'ஐ காட் கட் மை ஹேர்' என்று சொல்வது அடுத்த பிழை. பொருள் நடுவில் நிற்க வேண்டும்.

இதே அமைப்பு சில நேரம் 'நானே முடித்துவிட்டேன்' என்றும் பொருள்படும்: 'ஐ காட் த ஹோம்வொர்க் டன்'. யார் செய்தது என்பதை இங்கே சூழல்தான் சொல்லும். வீட்டுப்பாடம் என்றால் தானே செய்தது, பல்லைப் பிடுங்கியது என்றால் மருத்துவர் செய்தது.

'டு' வரும்போது மூன்று பாதை

'காட் டு' என்று காதில் விழுந்தால் உடனே முடிவு கட்டாதீர்கள். அடுத்து ஊர்ப்பெயர் வந்தால் போய்ச் சேர்ந்தது. வினைச்சொல் வந்தால் வாய்ப்புக் கிடைத்தது: 'ஐ காட் டு மீட் ஹர்', அவரைச் சந்திக்கக் கொடுத்துவைத்தது. முன்னால் 'ஹேவ்' ஒட்டியிருந்தால் கட்டாயம்: 'ஐ'வ் காட் டு மீட் ஹர்', அவரைச் சந்தித்தே ஆக வேண்டும். அந்த 'வ்' என்ற சின்ன ஒலி போனால் பொருள் தலைகீழாகும். ஆனால் வேகமான பேச்சில் அதையும் விழுங்கி 'காட்டா' என்று சொல்வார்கள்: 'ஐ காட்டா கோ' என்றால் நான் கிளம்பியாக வேண்டும்.

'ஐ'வ் காட் எ கார்' என்பது 'என்னிடம் கார் இருக்கிறது'. வடிவம் பழையதுபோல இருந்தாலும் காலம் நிகழ்காலம். இதற்கு எதிர்மறை 'ஐ ஹேவின்ட் காட்', கேள்வி 'ஹேவ் யூ காட்'. 'டோன்ட் ஹேவ் காட்' என்று கலக்கக் கூடாது. முன்பு என்னிடம் கார் இருந்தது என்று சொல்ல 'ஐ ஹேட் எ கார்' போதும்.

அமெரிக்கர்கள் 'காட்டன்' என்ற மூன்றாம் வடிவத்தை வைத்திருக்கிறார்கள் (இங்கும் முதல் எழுத்து காந்தியின் க). 'ஐ'வ் காட்டன் எ டிக்கெட்' என்றால் டிக்கெட் வாங்கிவிட்டேன், 'ஐ'வ் காட் எ டிக்கெட்' என்றால் டிக்கெட் கையில் இருக்கிறது. ஆங்கிலேயர்கள் இரண்டுக்கும் 'காட்' என்றே சொல்வார்கள். 'காட்டன்' அமெரிக்கர்கள் கெடுத்துவைத்த வடிவம் என்று நம் ஆசிரியர்கள் சிலர் சொல்வதுண்டு. உண்மையில் அது இங்கிலாந்திலிருந்து போன பழைய வடிவம். 'ஃபர்காட்டன்' என்ற சொல்லில் அது இன்றும் இரண்டு நாட்டிலும் உயிரோடு இருக்கிறது.

சொல்லின் பூர்வீகமும் சுவையானது. ஒன்பதாம் நூற்றாண்டிலிருந்து இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய வைக்கிங்குகளின் பழைய நார்ஸ் மொழியில் 'கெட்டா' என்றொரு வினை இருந்தது. 1200 வாக்கில் அது ஆங்கிலத்துக்குள் நிலைத்தது. தே, டேக், எக், ஸ்கை போன்ற சொற்களும் அந்த வழியாக வந்தவையே. பழைய ஆங்கிலத்தில் இதன் உறவுச்சொல் முன்னொட்டோடு மட்டும் வழங்கியது. 'ஃபர்கெட்' அப்படிப்பட்ட ஒன்று.

பின்னொட்டுகளில் சில

கெட்டோடு அப், ஓவர், த்ரூ, பை, பேக் எல்லாம் சேர்ந்து வரும் கூட்டுகள் ஏராளம். அன்றாடம் குழப்பம் தரும் சிலவற்றை மட்டும் எடுக்கிறேன். 'வேக் அப்' கண் விழிப்பது, 'கெட் அப்' படுக்கையை விட்டு எழுவது. ஆறு மணிக்கு விழித்து ஏழு மணிக்கு எழுகிறவர் இரண்டையும் சொல்லலாம். அலுவலக அழைப்பில் 'ஐ'ல் கெட் பேக் டு யூ' என்றால் விசாரித்துவிட்டுப் பதில் சொல்கிறேன். நேரில் திரும்பி வருவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 'கெட் த்ரூ' தொலைபேசியில் இணைப்புக் கிடைப்பது. 'ஐ குடின்ட் கெட் த்ரூ டு த பேங்க்' என்றால் லைன் கிடைக்கவில்லை. 'கெட் ஓவர்' காய்ச்சலிலிருந்தோ துக்கத்திலிருந்தோ மீண்டு வருவது. துக்க வீட்டில் 'கெட் ஓவர் இட்' என்று ஏவலாகச் சொல்லிவிடாதீர்கள். 'சும்மா புலம்பாதே' என்ற கடுமை அதில் இருக்கிறது. 'கெட் பை' வருகிற வருமானத்தில் எப்படியோ காலம் தள்ளுவது. 'கெட் அவே வித்' தவறு செய்துவிட்டுத் தண்டனை இல்லாமல் தப்புவது. 'வித்'தை விட்டுவிட்டால் வெறுமனே ஓடித் தப்புவது அல்லது ஊரைவிட்டு ஓய்வுக்குப் போவது என்றாகும். 'கெட் அலாங்' ஒத்துப்போவது. மாமியாரும் மருமகளும் ஒத்துப்போகிறார்கள் என்றால் 'தே கெட் அலாங் வெல்', பிரிட்டனில் 'கெட் ஆன் வெல்'.

எழுத்தில் எங்கே விட வேண்டும்

கெட் பேச்சுக்கும் நண்பர்களுக்கான செய்திகளுக்கும் உரியது. விண்ணப்பம், அலுவலக மடல், தேர்வுக் கட்டுரை ஆகியவற்றில் குறைத்துக்கொள்வது நல்லது. அதிலும் ஐஇஎல்டிஎஸ் போன்ற தேர்வுகளின் கட்டுரைப் பகுதியில் வரிக்கு வரி கெட் போட்டால் சொல்வளம் குறைவு என்றே மதிப்பிடுவார்கள். மாற்றுவது கடினமில்லை, அடுத்து நிற்கும் சொல்லைப் பார்க்கும் பழக்கமே இங்கும் உதவும். பெயர்ச்சொல் நின்றால் ரிசீவ் அல்லது அப்டெய்ன், பெயரடை நின்றால் பிகம், இடம் நின்றால் ரீச் அல்லது அரைவ், மூன்றாம் வடிவம் நின்றால் வாஸ். ரீச் போட்டால் 'டு' கிடையாது: 'வி ரீச்ட் மதுரை'. அரைவ் போட்டால் 'டு' வராது, நகரத்துக்கு 'இன்', நிலையத்துக்கு 'அட்'.

ஒரு மடலை எடுத்துக்கொள்வோம். 'ஐ காட் யுவர் மெயில் எஸ்டர்டே. மை அப்ளிகேஷன் காட் ரிஜெக்டட். ஐ டோன்ட் கெட் த ரீசன். கேன் யூ கெட் சம்ஒன் டு செக் இட்?' இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. நண்பருக்கு என்றால் அப்படியே அனுப்பலாம். அலுவலகத்துக்கு என்றால் இப்படி மாற்றுங்கள்: 'ஐ ரிசீவ்ட் யுவர் மெயில் எஸ்டர்டே. மை அப்ளிகேஷன் வாஸ் ரிஜெக்டட். ஐ டூ நாட் அண்டர்ஸ்டாண்ட் த ரீசன். குட் யூ பிளீஸ் ஹேவ் சம்ஒன் செக் இட்?' கடைசி வாக்கியத்தில் கெட் போய் ஹேவ் வந்ததும் 'டு' காணாமல் போயிருப்பதைக் கவனியுங்கள். மாற்றும்போது பலர் அந்த 'டு'வை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.